அரைப்பேருக்கு அரை ரொட்டி

அரைக்கால் சட்டையைப் பற்றி எனக்கு ஓர் உறுதியான கருத்து உண்டு. பள்ளிக்கூடத்துப் பையன் போட்டுக்கொண்டால் அது உடுப்பு. வளர்ந்த ஆள், அதுவும் காக்கி நிறத்தில், மடிப்புக் குலையாமல் போட்டுக்கொண்டால் அது வியாதி. எங்கள் தேயிலைத் தோட்டங்களில் இந்த வியாதி தோட்டத்தை நடத்தும் பெரிய துரைக்கு வரும், சின்னத்துரைக்கு வரும், வேலையை மேற்பார்க்கும் கண்டாக்கு ஐயாவுக்கும் வரும். தொழிலாளர் குடியிருக்கும் லயத்தில் பிறந்தவனுக்கு வராது என்றுதான் எல்லாரும் நம்பியிருந்தார்கள். எனக்கு வந்தது. ஒரு கோவாப் பருவம் முழுக்க இருந்துவிட்டுத்தான் போனது. (கோவா என்றால் முட்டைக்கோஸ். எங்கள் பக்கத்துச் சந்தையில் முட்டைக்கோஸ் என்று கேட்டால் உங்களை ஏற இறங்கப் பார்ப்பார்கள்.)

எழுபதுகளின் நடுப்பகுதி. இலங்கை மலையகத்தில், உடப்புசல்லாவைப் பக்கம் எங்கள் தோட்டம். அந்த வருடங்களைப் பார்த்தவர்களுக்கு நான் விளக்கிச் சொல்ல வேண்டியதில்லை. கூப்பனுக்குக் கிடைக்கும் அரிசி கொஞ்சம், கோதுமை மா அதைவிடக் கொஞ்சம். கடையில் பாண் ரொட்டிக்கு விடியுமுன்பே வரிசை. தோட்டத்திலும் வேலை நாள் குறைந்துவிட்டது. எங்கள் லயத்தில் காலையில் எழுந்ததும் ஆட்கள் எந்த வீட்டு அடுப்பில் புகை வரவில்லை என்று பார்ப்பார்கள். வராத வீட்டுக்கு, வந்த வீட்டிலிருந்து ஏதாவது ஒரு கிண்ணம் போகும். அந்தக் கிண்ணமும் நாளுக்கு நாள் சிறிதாகிக்கொண்டு வந்தது.

தோட்டம் அரசாங்கத்தின் கைக்கு மாறியிருந்த நேரம் அது. பழைய துரை பெட்டி கட்டிக்கொண்டு போய்விட்டார். புதிதாக வந்த துரை இளகிய மனசுக்காரர். லயத்துக்குக் கீழே கைவிடப்பட்டுக் கிடந்த கிழட்டுத் தேயிலை மலை ஒன்றைக் காட்டி, "இதில் ஏதாவது பயிர் செய்து நீங்களே சாப்பிடுங்கள்" என்று சிங்களத்தில் சொல்லிவிட்டார். அவ்வளவுதான், லயமே விழித்துக்கொண்டது.

வேலைக்குப் போகும் தாய்மார் கைக்குழந்தைகளை விட்டுச் செல்லும் புள்ளமடுவத்தில் கூட்டம் போட்டோம். அப்போது எனக்கு இருபது வயது இருக்கும். நுவரெலியாவில் படித்து முடித்துவிட்டு, வேலை கிடைக்காமல், கன்னத்தில் கைவைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். தோட்டத்தில் அதிகம் படித்தவன் நான், அதிகம் சும்மா இருந்தவனும் நான். ஆகவே காய்கறித் தோட்டத்துக்குப் பொறுப்பாக என்னைத் தேர்ந்தெடுத்தார்கள். நான் எழுந்து ஒரு பிரசங்கம் செய்தேன்.

"இனிமே நம்ம தோட்டத்துல தொரையும் இல்ல, கூலியும் இல்ல. எல்லாரும் சமமா ஒழைப்போம், சமமாப் பங்கு போடுவோம். மண்ணக் கெடுக்காம பயிர் செய்வோம். நம்ம புள்ளைங்க பசியில்லாம தூங்கணும்!"

கைதட்டல் காதைப் பிளந்தது. கொழுந்து பறிக்கும் என் அம்மா பிலோமினா முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டாள். தேயிலைச் செடியைக் கவ்வாத்து வெட்டும் என் அப்பா சவரிமுத்து, தோட்டத்துத் தொழிற்சங்கத் தலைவரும் அவர்தான், "என் மவன்" என்று பக்கத்தில் இருந்தவரிடம் தேவையில்லாமல் அறிமுகம் செய்துவைத்தார். (பக்கத்தில் இருந்தவர் என் சித்தப்பா.)

விளைச்சலை என்ன செய்வது என்றும் அங்கேயே முடிவானது. முதல் பங்கு புள்ளமடுவத்துக் குழந்தைகளுக்கு. அடுத்த பங்கை உடப்புசல்லாவைக் காய்கறி வியாபாரி காசிம் நானா லொறியில் ஏற்றிக்கொண்டு, பதிலுக்கு லயத்துக்கெல்லாம் மா பிடித்துத் தருவார். மிச்சத்தை வீட்டுக்கு ஒரு கூறு என்று சமமாகப் பிரித்துக்கொள்வோம்.

ஆரம்ப நாட்களை நினைத்தால் இன்றும் மனசு நிறைகிறது. பல காலம் தேயிலையைச் சுமந்து களைத்த மண் அது. உரம் வாங்க வழியில்லை. மாட்டுச் சாணம், அடுப்புச் சாம்பல், அழுகிய இலைதழை எல்லாவற்றையும் கூடை கூடையாகக் கொண்டுவந்து கொட்டினார்கள். மழை மண்ணை அடித்துக்கொண்டு போகாமல் ஆண்கள் குறுக்கே வாய்க்கால்போலக் கான் வெட்டினார்கள், கல் அடுக்கினார்கள். வெயிலுக்கு மண் காயாமல் பெண்கள் மானாப்புல்லை அறுத்துப் பரப்பினார்கள். பக்கத்துச் சிங்களக் கிராமத்தார் கோவா நாற்றுக் கொடுத்தார்கள், நாங்கள் சாணம் கொடுத்தோம். தேயிலை மலையில் வேலை முடிந்து, கொழுந்து நிறுத்து, பிள்ளைகளைத் தூக்கிக்கொண்டு நேரே இங்கே வந்து இருட்டும்வரை நின்றார்கள். யாரும் யாரையும் வேலை ஏவவில்லை. நானும் அவர்களோடு குனிந்து நின்றுதான் நாற்று நட்டேன்.

பிறகுதான் அந்தக் கால்சட்டை வந்தது.

பங்களாவில் சமையல் வேலை பார்த்த அந்தோணி மாமாவுக்குப் பழைய துரை போகும்போது ஒரு காக்கி அரைக்கால் சட்டையும் தொப்பியும் கொடுத்துவிட்டுப் போயிருந்தார். மாமாவுக்கு வேட்டிதான் பழக்கம். "நீ போட்டுக்க சூச, சேத்துல நிக்கிறதுக்கு வசதியா இருக்கும்" என்று என்னிடம் தந்தார். அதன் இடுப்புச் சுற்றளவுக்குள் என்னைப்போல இரண்டு பேர் சண்டையில்லாமல் குடியிருக்கலாம். சணல் கயிற்றால் இறுக்கிக் கட்டிக்கொண்டேன். தொப்பியையும் வைத்துக்கொண்டேன்.

போட்ட அன்றே முதல் அறிகுறி தெரிந்தது. என் இரண்டு கைகளும் தாமாகவே முதுகுக்குப் பின்னால் போய் ஒன்றையொன்று பிடித்துக்கொண்டன. இரண்டாவது அறிகுறி, யாராவது ஏதாவது சொன்னால் "ம்" என்று மட்டும் சொல்லத் தொடங்கினேன். மூன்றாவதாக, மேட்டில் ஏறி நின்று கண்ணைச் சுருக்கித் தூரத்தில் பார்க்கும் பழக்கம் வந்தது. தூரத்தில் பனிமூட்டத்தைத் தவிர ஒன்றும் இருக்காது. ஆனாலும் பார்ப்பேன்.

அடுத்த வாரம் பெரட்டு வைத்தேன். தோட்டத்தில் விடிந்ததும் தப்புப் பறை அடிப்பார்கள். எல்லாரும் பெரட்டுக்களத்தில் வந்து வரிசையில் நிற்க வேண்டும். கண்டாக்கு ஐயா வேலை பிரித்துக் கொடுத்துப் பேர் போடுவார். பேர் விழுந்தால் அன்றைய சம்பளம் உண்டு. பிந்தி வந்தால், அல்லது வேலை குறைந்தால், அரைப்பேர். அரைப்பேர் என்றால் பாதிச் சம்பளம். அந்தச் சொல்லைக் கேட்டு எங்கள் சனம் பட்ட வேதனை கொஞ்சநஞ்சமல்ல. என் அம்மா அரைப்பேரோடு வந்து மூலையில் உட்கார்ந்து அழுததைச் சிறுவயதில் கண்ணால் பார்த்தவன் நான். அதே நான், நம்முடைய சொந்தக் காய்கறித் தோட்டத்தில் தப்பு அடிக்க வைத்து, வரிசையில் நிற்க வைத்து, பேர் போட்டேன். கேட்டால், "ஒழுங்கு வேணும்ல?" என்றேன்.

அதோடு விட்டேனா? தேயிலைக் கொழுந்தை நிறுக்கும்போது கூடையின் பாரத்துக்கும் இலையின் ஈரத்துக்கும் என்று கழித்துவிடுவார்கள். கழிக்கும் கணக்கு எப்போதும் கூடையைவிடக் கூடுதலாகவே இருக்கும். நான் சாணத்தை நிறுத்தேன். கூடைக்குக் கழித்தேன். சாணத்தில் ஈரம் இருக்கிறது என்று அதற்கும் கழித்தேன். (உலர்ந்த சாணம் போடும் மாடு உலகத்தில் எங்கும் இல்லை என்பது கால்சட்டைக்குள் இருந்த எனக்குத் தோன்றவில்லை.)

கைக்குழந்தைக்குப் பால் கொடுத்துவிட்டு வந்த செல்லம்மா அக்காவுக்கு அரைப்பேர் போட்டேன். வீட்டுக்கு ஒரு கூறு என்ற பழைய முடிவையும் மாற்றினேன். முழுப்பேர்க்காரருக்கு முழுக் கூறு, அரைப்பேர்க்காரருக்கு அரைக் கூறு. ஆட்கள் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். படித்த பிள்ளை, ஏதாவது காரணம் இருக்கும் என்று பொறுத்துக்கொண்டார்கள். அந்தப் பொறுமையை நான் மரியாதை என்று எடுத்துக்கொண்டேன்.

கோவா மட்டும் எங்கள் குழப்பம் எதையும் பாராமல் விளைந்தது. பார்க்க ஆசையாக இருந்தது. இறுகித் திரண்டு, மலை முழுக்க வரிசை வரிசையாக உட்கார்ந்திருந்தன. ஞாயிற்றுக்கிழமை வெட்டுவதென்றும் காசிம் நானா லொறியோடு வருவதென்றும் ஏற்பாடு. ஒரு நாள்கூடப் பிந்தக் கூடாது. முற்றிய கோவா பெருமழை குடித்தால் வெடித்துவிடும், வெடித்த கோவாவைச் சந்தையில் யாரும் தொடமாட்டார்கள். வானமோ மூன்று நாளாக மூஞ்சியைத் தூக்கி வைத்துக்கொண்டிருந்தது. அந்தக் கோவா போனால் லயத்துக்கு வரவேண்டிய மாவும் போகும்.

சனிக்கிழமை காலை, மண்ணைக் கிளறி வெட்டுக்கு வழி செய்வதற்காகப் பெரட்டு. தப்பு அடித்து ஓய்ந்தபின், முந்தானையில் கையைத் துடைத்துக்கொண்டு ஓட்டமும் நடையுமாக அம்மா வந்தாள்.

"என்னா நேரம் இது?" என்றேன்.

"ஒனக்கு ரொட்டி சுட்டு மூடி வச்சிட்டு வாறேன்டா. வெறகு ஈரம், பத்தவே இல்ல."

"அதெல்லாம் பெரட்டுல சொல்ற கதையில்ல." தொப்பியைச் சரி செய்துகொண்டேன். "பிலோமினா, அரைப்பேர்!"

பெற்ற தாயை, அத்தனை பேர் முன்னால், பேர் சொல்லிக் கூப்பிட்டேன். அப்பா அண்ணாந்து வானத்தைப் பார்த்தார். அம்மா என்னை உற்றுப் பார்த்தாள். பிறகு, "சரிங்க தொரை" என்று சொல்லிவிட்டு மண்வெட்டியை எடுத்துக்கொண்டாள். அந்த "ங்க"வைக் கேட்டு நான் பயந்திருக்க வேண்டும். எனக்கு அது இனித்தது.

மத்தியானம் வீட்டுக்குப் போனேன். தட்டில் பச்சைமிளகாய்ச் சம்பலும், சரிபாதியாக வெட்டிய ஒரு ரொட்டியும் இருந்தன. சரிபாதி என்றால் பாதிதான் இருந்தது.

"மத்த பாதி எங்க?"

"அரைப்பேருக்கு அரை ரொட்டிங்க தொரை."

"அரைப்பேர் ஒங்களுக்குத்தானேம்மா போட்டேன்?"

"ஆமாங்க. அரைப்பேர்க்காரி முழு ரொட்டி எப்பிடிங்க சுடுவா?"

மூலையில் உட்கார்ந்திருந்த என் தங்கை ரோசலின் சிரிப்பை அடக்க முடியாமல் சம்பல் கிண்ணத்துக்குள் முகத்தைப் புதைத்துக்கொண்டாள். அதே நேரம் வாசலில் இருமல் சத்தம் கேட்டது. எட்டிப் பார்த்தால் அப்பா. சலவை வேட்டி, தோளில் துண்டு. சொந்த வீட்டுக்குள் வராமல் வாசல் திண்ணையான இஸ்தோப்பிலேயே நின்றார்.

"தொரை இருக்காங்களா?" என்று அம்மாவைக் கேட்டார்.

"உள்ளுக்கு இருக்காங்க. சாப்புடுறாங்க. அரைச் சாப்பாடு."

அப்பா துண்டை எடுத்துக் கையில் மடித்துக்கொண்டார். துரைமாரைப் பார்க்கப் போகும்போது அவர் அப்படித்தான் செய்வார். "தொழிலாளி பிலோமினா ஒரு முறைப்பாடு குடுத்திருக்காங்க. பெரட்டுக்குப் பிந்துனது தொரையோட சொந்த வேலையாலயாம். தொரைக்கு ரொட்டி சுட்ட நேரத்தையும் வேலை நேரத்தோட சேக்கணும்னு கேக்குறாங்க."

"அப்பா, வெளையாடாதீங்க."

"இங்க அப்பா யாரும் இல்லீங்க. தலைவர்தான் வந்திருக்காரு."

அந்த இடத்தில் நான் சிரித்திருந்தால் எல்லாம் முடிந்திருக்கும். அம்மாவும் சிரித்திருப்பாள், மற்றப் பாதி ரொட்டியும் வந்திருக்கும். ஆனால் நான் எழுந்தேன். கைகள் முதுகுக்குப் பின்னால் போய்விட்டன.

"ம். யோசிப்போம்" என்றேன்.

அப்பாவின் முகத்தில் இருந்த விளையாட்டு அப்படியே வடிந்துவிட்டது. கூரை ஒழுகுகிறது என்று போனபோதும், தண்ணீர்ப் பீலி உடைந்துவிட்டது என்று போனபோதும், பங்களா வாசலில் நின்று அவர் வாழ்நாளெல்லாம் கேட்ட பதில் அது.

"இந்த வார்த்தைய வந்த தொரைமாருகிட்டல்லாம் கேட்டாச்சு" என்றார் மெதுவாக. "இப்ப என் வீட்டுக்குள்ளயும் கேட்டுட்டேன். நாளைக்கு வேலை நிறுத்தம்."

நான் நம்பவில்லை. சொந்தக் கோவாவுக்கு எதிராக யாராவது வேலை நிறுத்தம் செய்வார்களா?

செய்தார்கள். ஞாயிறு காலை தப்பு அடித்ததும் எல்லாரும் ஒழுங்காக வந்தார்கள். வந்து, கூடைகளைக் கவிழ்த்துப்போட்டு அவற்றின் மேல் உட்கார்ந்துகொண்டார்கள். முன்வரிசையில் அம்மா. பக்கத்தில் செல்லம்மா அக்கா, மடியில் குழந்தையோடு. ரோசலினும் ஒரு சின்னக் கூடையைக் கவிழ்த்து உட்கார்ந்திருந்தாள். வேலை நிறுத்தத்தில் எங்கள் பெண்களுக்கு இருக்கும் அனுபவத்துக்கு முன்னால் நான் எம்மாத்திரம்?

காசிம் நானாவின் லொறி முனகிக்கொண்டு கீழே பாதையில் வந்து நின்றது. நானா இடுப்புச் சாரத்தைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு மேட்டில் ஏறி வந்தார்.

"தம்பி, இது என்ன கூட்டம்? கல்யாண வீடா?"

"ஸ்ட்ரைக்குங்க நானா" என்றாள் அம்மா.

"யாருக்கு எதிரா?"

அம்மா என் பக்கம் கையைக் காட்டினாள். நானா என்னைத் தொப்பியிலிருந்து முழங்கால் வரை பார்த்தார். "நான் பழைய தொரைதான் திரும்பி வந்திட்டாரு எண்டு நினைச்சன். என்ன இப்பிடி மெலிஞ்சு போனாரு எண்டு கவலையாப் போச்சு."

கூடைகளின் மேல் சிரிப்பு குலுங்கியது. முதல் துளி என் தொப்பியில் விழுந்தது. நானா வானத்தைப் பார்த்தார். "தம்பி, சமாதானமாப் போங்க. மழை பிடிச்சா உங்கட கோவாவ மாட்டுக்குத்தான் போடணும்."

அவர் சொன்னது எனக்கு விளங்கியது. எல்லாருக்கும் விளங்கியது. செல்லம்மா அக்கா கோவா வரிசையைப் பார்ப்பதும் குழந்தையைப் பார்ப்பதுமாக இருந்தார். ஒரு சொல் சொன்னால் போதும், அத்தனை பேரும் பாய்ந்து எழுந்திருப்பார்கள். அந்தச் சொல் என் தொண்டைவரை வந்தது. கால்சட்டை விடவில்லை.

"யாரும் வர வேணாம். நானே வெட்டுறேன், நானே தூக்குறேன்!" என்று கத்திவிட்டு ஒரு கூடையை எடுத்துக்கொண்டு சரிவில் இறங்கினேன்.

கொழுந்துக் கூடையை முதுகில் போட்டு அதன் கயிற்றைத் தலையில் மாட்டித் தூக்குவது எங்கள் பெண்களின் வேலை. ஆண்கள் அதைத் தொடுவதில்லை. எத்தனையோ வருடமாகப் பார்த்துக்கொண்டிருக்கிறோமே, இதில் என்ன பெரிய வித்தை என்று நினைத்தேன். கோவாக்களை வெட்டிக் கூடை தளும்ப அடைத்தேன். கயிற்றைத் தலையில் மாட்டி எழுந்தேன். என் கழுத்து தோளுக்குள் போனதுபோல இருந்தது. மழை சோவென்று பிடித்துக்கொண்டது.

சில அடிதான் ஏறியிருப்பேன். கால் வழுக்கியது. கூடை என்னை முந்திக்கொண்டு பின்னால் போனது, கயிறு தலையில் இருந்ததால் நானும் கூடவே போனேன். கோவாக்கள் கூடையைவிட்டுத் துள்ளி, மலைச்சரிவில் ஒன்றையொன்று துரத்திக்கொண்டு உருண்டன. சில கானுக்குள் விழுந்தன. சில பாதையைக் கடந்து ஓடைக்குப் போயின. ஒன்று மட்டும் நேரே போய் லொறிச் சக்கரத்தில் மோதி நின்றது. (அன்று எந்த உதவியும் இல்லாமல் லொறிக்குப் போய்ச் சேர்ந்த ஒரே கோவா அதுதான்.) தொப்பி தனியாக மிதந்து போனது. நான் முதுகால் வழுக்கிக்கொண்டே கானை நோக்கிப் போனபோது, வெட்டாமல் விட்டிருந்த ஒரு தேயிலைக் கட்டை கால்சட்டையைக் கொக்கிபோலப் பிடித்துக்கொண்டது. சணல் கயிறு அறுந்தது. கால்சட்டை கட்டையிலேயே நின்றுவிட்டது. நான் நிற்கவில்லை.

இந்த இடத்தில் ஒன்றைச் சொல்லியாக வேண்டும். அந்தக் காலத்தில் மா வந்த துணிச் சாக்கை யாரும் எறிவதில்லை. அம்மா அதை வெளுத்து எனக்கு உள்ளாடை தைத்திருந்தாள். எவ்வளவு வெளுத்தாலும், மூட்டை தூக்குபவர்களுக்காகச் சாக்கில் அச்சடித்த சிவப்பு எழுத்துப் போகாது. கானுக்குள்ளிருந்து நான் கவிழ்ந்தபடி எழுந்திருக்க முயன்றபோது, அந்த எழுத்து மேட்டில் இருந்த எல்லாருக்கும் தெளிவாகத் தெரிந்தது. என்னைத் தவிர ஆங்கிலம் வாசிக்கத் தெரிந்தவர் அங்கே காசிம் நானா ஒருவர்தான்.

"கொக்கி போட வேணாம் எண்டு எழுதியிருக்கு" என்று அவர் சத்தமாக வாசித்தார். கட்டையில் தொங்கிய கால்சட்டையை ஒரு பார்வை பார்த்தார். "பிந்திப் போச்சு."

மழைச் சத்தத்தையும் மீறி மலை அதிர்ந்தது. அப்பா துண்டை வாயில் வைத்துக்கொண்டு குலுங்கினார். எனக்கு அழுகை முட்டியது. முழங்கால் எரிந்தது, கழுத்து வலித்தது, அதைவிட வயிறு காந்தியது. நேற்று மத்தியானமும் இரவும் இன்று காலையும் எனக்குக் கிடைத்தது அரை ரொட்டிதான்.

"அரை ரொட்டியத் தின்னுட்டு எப்பிடிம்மா கூடை தூக்குறது?" என்று கானுக்குள் நின்றுகொண்டு அம்மாவைப் பார்த்துக் கத்தினேன். "மனுசனால முடியுமா?"

பதில் ரோசலினிடமிருந்து வந்தது. அவளுக்குக் கோபம் வந்தால் மூக்கு சிவந்துவிடும், அன்று சிவந்திருந்தது.

"அம்மா தூக்குதே! மா கொறைஞ்ச நாள்ல இருந்து அம்மா தெனமும் அரை ரொட்டிதான் திங்குது. மத்த பாதியத்தான் ஒன் ரொட்டியோட சேத்துப் பெருசா சுடுது. ஒனக்குக் கண்ணு தெரியாதா?"

சிரிப்பு நின்றுவிட்டது. செல்லம்மா அக்கா தலையைக் குனிந்துகொண்டார். அவருக்கும் தெரிந்திருந்தது. முன்வரிசையில் இருந்த எல்லாப் பெண்களுக்கும் தெரிந்திருந்தது, ஏனென்றால் அவர்கள் வீட்டிலும் அதுதான் கணக்கு. இத்தனை காலமும் அவர்கள் அடுப்படியில் தமக்குத்தாமே அரைப்பேர் போட்டுக்கொண்டு, முழுக் கூடை தூக்கியிருக்கிறார்கள். பிள்ளைகள் பசியில்லாமல் தூங்க வேண்டும் என்று நான் புள்ளமடுவத்தில் முழங்கிய அன்றும் அம்மா அரை வயிற்றோடுதான் கைதட்டியிருக்கிறாள். எனக்கு வெட்கமாக இருந்தது. உடுப்பில்லாமல் நின்றதால் வந்த வெட்கம் அதற்குப் பக்கத்தில் ஒன்றுமில்லை.

"ஏம்மா என்கிட்ட சொல்லல?"

"சொன்னா என்னா பண்ணியிருப்ப?" என்றாள் அம்மா. "கூடைக்குன்னு அதுலயும் கொஞ்சம் கழிச்சிருப்ப."

பக்கத்து வரிசையில் 'டப்' என்று ஒரு சத்தம் கேட்டது. முதல் கோவா வெடித்தது.

"பெரட்டு இல்ல! பேரும் இல்ல, அரைப்பேரும் இல்ல!" என்று நான் அலறினேன். "மொதல்ல சொன்ன மாதிரி வீட்டுக்கு ஒரு கூறு. எல்லாருக்கும் ஒரே கூறு. வாங்க, யாராவது வாங்க!"

அப்பா தலைவருக்கே உரிய நிதானத்தோடு தொண்டையைச் செருமினார். "இத எழுத்துல..."

"எழுத்தெல்லாம் பொறவு பாத்துக்கலாம். அவன் மொதல்ல எதையாவது கட்டட்டும்" என்று சொல்லிக்கொண்டே அம்மா எழுந்தாள். கொழுந்து பறிக்கும்போது உடுப்பு நனையாமல் பெண்கள் இடுப்பில் படங்குச் சாக்கு ஒன்றைச் சுற்றிக்கொள்வார்கள். அதை அவிழ்த்து என் பக்கம் வீசினாள். "இந்தா, கட்டிக்கிட்டு கூடையத் தூக்கு."

அம்மாவின் படங்கைக் கட்டிக்கொண்டு அன்று முழுதும் கூடை தூக்கினேன். அப்பா தூக்கினார், கவ்வாத்துக்கார ஆண்கள் எல்லாரும் தலையில் கயிறு மாட்டித் தூக்கினார்கள். பெண்கள் வெட்டிக்கொண்டே, "அந்தா மாமாவோட கழுத்தப் பாரு", "கயித்த நெத்தியில மாட்டாதீங்கண்ணே, உச்சியில மாட்டுங்க" என்று கேலி செய்தார்கள். காசிம் நானாவும் சாரத்தை மடித்துக் கட்டிக்கொண்டு இறங்கினார். ஆனால் மழை எங்களுக்காகக் காத்திருக்கவில்லை. நல்லதாகக் கைக்கு வந்த கோவா பாதி, வெடித்த கோவா பாதி. லொறி அரைவாசிதான் நிறைந்தது. அந்த மாதம் லயத்துக்கு வந்த மாவும் அதற்கேற்ற அளவுதான். அது என் கால்சட்டையின் விலை, கொடுத்தவர்கள் மற்றவர்கள்.

வெடித்த கோவாவையெல்லாம் புள்ளமடுவத்தில் குவித்தோம். நல்லதாகப் பொறுக்கி முதலில் குழந்தைகளின் பங்கை எடுத்து வைத்தார்கள். மிச்சத்தைக் கூறு போட்டார்கள். எங்களில் கூறு பிரிப்பதற்கு ஒரு முறை உண்டு. ஒருவர் முதுகைக் காட்டி நிற்க வேண்டும். இன்னொருவர் ஒரு கூறைத் தொட்டு, "இது யாருக்கு?" என்று கேட்பார். திரும்பிப் பார்க்காமல் ஒரு பேரைச் சொல்ல வேண்டும். பெரிய கூறா, சின்னக் கூறா என்று சொல்பவனுக்குத் தெரியாது. முதுகைக் காட்டி நிற்கும் வேலையை எனக்குக் கொடுத்தார்கள். அன்று என்னைப் பார்க்க யாருக்கும் பிடித்திருக்காது என்பதும் ஒரு காரணமாக இருக்கலாம்.

"இது யாருக்கு?" என்று அம்மா கேட்டாள்.

"செல்லம்மா அக்காவுக்கு."

"இது?"

பேர்களைச் சொல்லிக்கொண்டே வந்தேன். யாருக்கும் அரை இல்லை. ஒரு கட்டத்தில் "இது யாருக்கு?" என்று கேட்கும்போது அம்மாவின் குரலில் ஒரு நடுக்கம் இருந்தது. "பிலோமினாவுக்கு" என்றேன். பின்னால் கொல்லென்று சிரிப்பு. திரும்பிப் பார்த்தேன். இருந்ததிலேயே அதிகமாக வெடித்து, சேறு பூசி, நத்தை குடியிருந்த கூறு அதுதான்.

"முழுப்பேருக்கு இதானாங்க தொரை?" என்றாள் அம்மா, இடுப்பில் கைவைத்துக்கொண்டு. அப்போதுதான் நானும் சிரித்தேன், பல நாளைக்குப் பிறகு.

அடுத்து வந்த நாட்களில் எங்கள் லயத்தில் கோவாக் கறி, கோவாச் சுண்டல், கோவாச் சம்பல், ரொட்டிக்குள்ளும் கோவா. லயத்துக் காம்பராக்களுக்கு நடுவே உள்ள சுவர் மெல்லியது. அந்த நாட்களின் சத்தங்களைப் பற்றி இதற்கு மேல் எழுதுவது நாகரிகமல்ல. ஆனால் எல்லா வீட்டு அடுப்பிலும் புகை வந்தது.

காய்கறித் தோட்டம் அதன்பின் சில வருடம் நன்றாகவே நடந்தது. தப்பு இல்லை, பேர் இல்லை, பிள்ளைக்காரி எப்போது வந்தாலும் முழுக் கூறு. எண்பதுகளில் அந்த மலையில் மறுபடியும் தேயிலை போட எடுத்துக்கொண்டார்கள். அதுவரைக்கும் நடுவில் ஒரு சோளக்கொல்லைப் பொம்மை நின்றது. கட்டையிலிருந்து எடுத்த கால்சட்டையையும், ஓடையில் பிடித்த தொப்பியையும் அதற்குத்தான் மாட்டியிருந்தார்கள். அதன் பேர் கோவாத் தொரை. பள்ளிக்கூடம் போகும் பிள்ளைகள் அதைக் கண்டால் நின்று, "சலாம் தொரை" என்று வணக்கம் வைத்துவிட்டுப் போவார்கள். காட்டுப்பன்றிகள் மட்டும் அதை மதித்ததாகத் தெரியவில்லை.

எனக்கு ஆசிரியர் வேலை கிடைத்தது. கலியாணமும் ஆகி நுவரெலியாவில் குடியேறினேன். கால்சட்டை என்றால் எனக்கு முழுக் கால்சட்டைதான், கடற்கரைக்குப் போனாலும். வீட்டில் நான் கொஞ்சம் குரலை உயர்த்தினால் போதும், என் மனைவி "பெரட்டு எத்தனை மணிக்குங்க?" என்று கேட்பாள். ரோசலின் தன் பேரப்பிள்ளைகளுக்குக் கதை சொல்லும்போது அந்தச் சாக்கு எழுத்து வருடத்துக்கு வருடம் பெரிதாகிக்கொண்டு போகிறது.

அப்பா போய்விட்டார். அம்மா என்னோடுதான் இருக்கிறாள். இப்போது வீட்டில் மாவுக்குக் குறைவில்லை, ஆனால் அம்மாவால் முழு ரொட்டி சாப்பிட முடிவதில்லை. ரொட்டியைப் பிட்டுக் கொடுப்பது என் வேலை. எவ்வளவு கவனமாகப் பிட்டாலும் ஒரு பாதி பெரிதாகத்தான் வரும். நான் அதை அம்மாவின் தட்டில் வைப்பேன். அம்மா அதை எடுத்து, நிறுத்துப் பார்ப்பதுபோல உள்ளங்கையில் ஆட்டிப் பார்ப்பாள். பிறகு, பல்லில்லாத வாய் முழுக்கச் சிரிப்போடு கேட்பாள்.

"கூடைக்குக் கழிச்சிட்டீங்களா தொரை?"